பழைய மருந்து, புது வேலை: வாசகர் கேள்விகள்

வயாகரா முதலில் நெஞ்சு நோய்க்கான மருந்தா? (ஹட்டன்)

ஆமாம். நெஞ்சுவலிக்கென்றுதான் சோதித்தார்கள், அதில் எடுபடவில்லை. 1998இல் ஆண்மைக் குறைவுக்கும், 2005இல் நுரையீரல் தமனி அழுத்தத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பாவிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

பழைய மருந்துக்குப் புது வேலையை ஆய்வுகூடத்தில் எப்படித் தேடுகிறார்கள்? (உயர்தர மாணவி, பண்டாரவளை)

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் 384 குழிகள். குழிக்குக் குழி செல்களை வைத்து, ரொபோ ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தைச் சொட்டுவிடும். எந்தக் குழியில் மாற்றம் என்று கெமரா பார்க்கும். இப்போது கணினியும் சேர்ந்துவிட்டது. நீரிழிவுக்காக ஆராய்ந்த ஒரு பொருள் பாக்டீரியாவைக் கொல்லும் என்று 2020இல் கண்டுபிடித்தது அதுதான். ஹாலிசின் என்று பெயர் வைத்தார்கள். தட்டிலும் எலியிலும் காட்டிய வேலை அது. தட்டு வேறு, மனித உடம்பு வேறு.

மகனுக்கு வலிப்பே இல்லை, வலிப்பு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். தவறா? (பதுளை)

மருந்தின் பெயர் இல்லை, வயது இல்லை, என்ன நோய் என்றும் இல்லை. இதை வைத்து என்ன சொல்வது? டோபிராமேட் என்ற வலிப்பு மருந்தை ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பதுண்டு. எழுதிய டொக்டரிடமே கேளுங்கள். அதுவரை நிறுத்த வேண்டாம்.

கொவிட்டுக்கே டெக்ஸாமெதசோன் கொடுத்தார்களே, காய்ச்சலுக்குப் பாமசியில் வாங்கிப் போட்டால் என்ன? (மஸ்கெலியா)

வேண்டவே வேண்டாம். அது ஒரு ஸ்டீரொய்ட். 2020இல் பிரிட்டனில் ஆறாயிரத்துச் சொச்சம் பேரிடம் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் காதில் வாங்குவதில்லை.

கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா கிளினிக்குக்கு வந்தார். முகம் வட்டமாக ஊதியிருந்தது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து நாலு குட்டி மாத்திரைகளை மேசையில் வைத்தார். உறை இல்லை, பெயர் இல்லை. முட்டிவலிக்குப் பக்கத்து லயத்தில் கொடுத்ததாம், மாதக்கணக்காகப் போட்டிருக்கிறார். பார்த்தால் ஸ்டீரொய்ட். சீனி ஏறியிருந்தது, கால் புண்ணும் ஆறவில்லை. அதைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். பெயர் எழுதாத மாத்திரையை வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? சீட்டில்லாமல் எண்ணிக் கொடுக்கிற கடைக்காரருக்கும் இதில் பங்குண்டு.

தலிடோமைட் திரும்ப வந்துவிட்டதா? (தலவாக்கலை)

கர்ப்பிணிகள் போட்டதால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்து, 1960களின் தொடக்கத்தில் விலக்கப்பட்ட மருந்து அது. திரும்ப வந்துவிட்டது. அமெரிக்காவில் 1998இல் தொழுநோயில் வரும் ஒரு தோல் எதிர்வினைக்கு, 2006இல் மயிலோமா புற்றுநோய்க்கு. கர்ப்பிணிகளுக்கு அன்றும் இன்றும் கூடாது.