ஈறில் ரத்தம்: பயப்பட வேண்டியது எதற்கு?

ஈறில் ரத்தம் வருகிறது என்று கடிதம் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தில் அந்த வார்த்தையை நீங்கள் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் மொத்தக் கடிதமும் அந்தப் பயத்தில் எழுதியது என்று தெரிகிறது. லுகேமியா என்ற அந்த ரத்தப் புற்றுநோயில் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் கூடவே விடாத காய்ச்சல், உடல் வெளிறிப்போவது, தோலில் சிவப்புப் புள்ளிகள், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது என்று வேறு நிறைய வரும். உங்களுக்கு எட்டு மாதமாகப் பல் தேய்க்கும்போது மட்டும்தான் ரத்தம் வருகிறது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு, தட்டணு, ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூபில் நோய் தேடுவதை நிறுத்துங்கள்.

ஈறு அங்கங்கே கருப்பாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். ரொம்ப நாளாகவே அப்படித்தான் இருக்கிறது என்றால் அது மெலனின், தோலுக்கு நிறம் தரும் அதே பொருள், நம்மில் நிறையப் பேருக்கு இருப்பது. ஈறுக் கிருமி மூளைக்குப் போய் மறதிநோய் வரும் என்ற வீடியோவையும் மறந்துவிடுங்கள், அதில் சொல்கிற அளவுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது கடைசி வரியைப் படித்தபோதுதான். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இந்த ஒரு வருடத்தில் இடைவெளி விழுந்திருக்கிறது, அதிர்ஷ்டப் பல் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே இருக்கும் இடைவெளி என்றால் பிரச்சினை இல்லை. 44 வயதில் புதிதாக விழுந்தால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

வலியே இல்லாமல் எலும்பு எப்படிக் கரையும்? பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. அவற்றின் மேலுறையில் இருக்கும் பொருட்களை ஈறின் செல்கள் அடையாளம் கண்டு, சைட்டோகைன் என்ற ரசாயனத் தகவல்களை அனுப்புகின்றன. உடனே ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. ஈறு சிவந்து, பிரஷ் பட்டதும் ரத்தம் வருவது இதனால்தான். இதுவரைக்கும் திரும்பி வர வழி உண்டு. 1965இல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது, மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலத்தான், சரியாகிவிட்டது.

படலத்தை எடுக்காமல் மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கதை மாறும். ஈறுக்குக் கொலாஜன் நாரைத் தயாரித்துக் கொடுக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களே, ஓயாமல் வரும் அழற்சித் தகவலால், அந்த நாரை அறுக்கும் நொதிகளைச் சுரக்க ஆரம்பிக்கும். அந்த செல்களும் அங்கே குவிந்த நோய் எதிர்ப்பு செல்களும் சேர்ந்து, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும். ஆக எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் நம் உடம்பேதான். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

இப்போது அந்த மாத்திரை விஷயம். மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கி அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை ஐந்து நாள் போட்டீர்கள், ரத்தம் குறைந்தது, ‘குணமாயிடுச்சு’ என்று விட்டுவிட்டீர்கள். படலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமிக்கு மாத்திரை சரியாகப் போய்ச் சேராது, பல்லில் கெட்டியாக ஒட்டியிருக்கும் காரையை அது தொடவே தொடாது. நாளைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காமல் போனால் யாரைக் குறை சொல்வீர்கள்? கிராம்பு எண்ணெயும் வேண்டாம், அது மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான், அதிகம் போட்டால் ஈறு வெந்துவிடும். அப்புறம் அந்த நாலு சிகரெட்: புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும், உள்ளே நோய் அதே வேகத்தில், இன்னும் மோசமாகவே, போய்க்கொண்டிருக்கும். அதனால் ரத்தம் குறைந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சிகரெட்டை விட்டால் கொஞ்ச நாள் ரத்தம் கூடுதலாகக்கூட வரலாம், அதற்குப் பயந்து மறுபடி பற்றவைக்காதீர்கள்.

இந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள், ஈறு நோய் நிபுணராக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் புதுக்கோட்டையிலேயே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தின் ஆழத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். 3 வரை சரி, அதற்கு மேல் இருக்கும் இடங்களுக்கு எக்ஸ்ரே தேவைப்படும். மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்குக் கீழே வேர் வரை சுத்தம் செய்யச் சொன்னால் செய்துகொள்ளுங்கள். க்ளீனிங் பண்ணினால் பல் ஆடும் என்று உங்கள் அண்ணன் சொல்வதைக் கேட்காதீர்கள். ஏற்கனவே ஆடும் பல்லைக் காரை ஒட்டிப் பிடித்திருக்கும், எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும், பழி க்ளீனிங் மேல் விழும்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள், நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவே இல்லை. சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமெடுக்கும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டம். கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை பார்த்துவிட்டு அந்த ரிப்போர்ட்டையும் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.