'டிட்' வந்த பிறகு 'வென்ட்' எதற்கு?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் வாசகர் கேட்கிறார்: "பையரோடு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவரோடு, அடிக்கடி போனில் பேச வேண்டியிருக்கிறது. முடிந்துபோன விஷயத்தைச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறேன். 'ஐ டிட் நாட் வென்ட்', 'டிட் யூ சா மை மெயில்?' என்றே வாயில் வருகிறது. வெர்ப் அட்டவணையை மனப்பாடம் செய்தும் பலன் இல்லை. என்ன செய்வது?"

முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். வென்ட், சா எல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்ததால்தான் வேண்டாத இடத்திலும் வந்து நிற்கின்றன. 'ஐ வென்ட்' என்னும்போது இறந்தகாலத்தை வென்ட் காட்டுகிறது. இல்லை என்று மறுக்கவோ கேள்வி கேட்கவோ டிட் உள்ளே வந்துவிட்டால், காலத்தைக் காட்டும் வேலை முழுக்க அதனிடம் போய்விடும், வினைச்சொல் பழையபடி வெறும் 'கோ'வாகிவிடும். ஐ டிட் நாட் கோ. டிட் யூ சீ மை மெயில்?

இது உங்களுக்குப் புதிதில்லை. தமிழில் 'போனேன்' என்கிறோம், ஆனால் மறுக்கும்போது 'போனவில்லை' என்று யாராவது சொல்கிறோமா? 'போகவில்லை'தான். 'போக' என்பதில் காலமே கிடையாது. டிட் நாட் கோ என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான், அதனால் மறுத்துச் சொல்லும்போதெல்லாம் மனதில் 'போகவில்லை'யை நினைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக இரண்டு இடங்களில் டிட் வேண்டாம். வாஸ், வேர் இரண்டும் தாங்களே சமாளித்துக்கொள்ளும்: ஐ வாஸ் நாட் இன் தி ஆபீஸ், வேர் யூ பிசி? அப்புறம், யார் செய்தார் என்று கேட்கும்போது: ஹூ கால்ட் யூ? நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்று கேட்டால்தான் ஹூ டிட் யூ கால்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வேலையில் குழப்பம் உண்டாக்கக்கூடியது இதுதான். 'நேற்று சென்னை போயிருந்தேன்' என்று நாம் இயல்பாகச் சொல்வதை அப்படியே 'ஐ ஹாட் கான் டு சென்னை யெஸ்டர்டே' என்று ஆக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இப்படி ஹாட் வந்தால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு விஷயத்தைக் கேட்பவர் எதிர்பார்ப்பார். 'வி ஹாட் டிஸ்பேட்ச்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே' என்று நீங்கள் நிறுத்தினால், சரி, அதற்கப்புறம் என்ன ஆயிற்று, திரும்பி வந்துவிட்டதா என்று பையர் யோசிக்க இடமிருக்கிறது. திங்கட்கிழமை அனுப்பினீர்கள், அவ்வளவுதானே? வி டிஸ்பேட்ச்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2022 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லும்போது ஹேவும் கூடாது. நாளைச் சொல்லாமல் அனுப்பியாகிவிட்டது என்று மட்டும் தெரிவிக்க 'வி ஹேவ் டிஸ்பேட்ச்ட்' சரிதான்.

போனில் பேசுபவர் என்பதால் உச்சரிப்பையும் கவனியுங்கள். இ-டி என்று முடிவதையெல்லாம் 'எட்' என்று இழுக்கக் கூடாது. பேக்கெட் இல்லை, பேக்ட். செக்கெட் இல்லை, செக்ட். கால்ட், அப்ரூவ்ட் என்று வருபவற்றில் கடைசி ஒலி கொஞ்சம் மென்மையான ட். மூலச்சொல்லே டி (D) அல்லது டீ (T) எழுத்தின் ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசை உண்டு: வான்டெட், பிரின்டெட், லோடெட்.

ஒழுங்கில்லாத வினைச்சொற்களுக்குப் பயப்பட வேண்டாம். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்குபவை பெரும்பாலும் அந்த வகைதான் என்பதால், வென்ட், கேம், செட் (said), காட், மேட், டுக், கேவ், நியூ, சா, ஹாட், டிட் ஆகியவை கைக்கு வந்தாலே உங்கள் அன்றாடப் பேச்சு ஓடிவிடும். புதிதாகப் பிறக்கும் வினைகளோ பொதுவாக இ-டி ஏற்பவை, கூகுள்ட் மாதிரி. புட், கட் மாறவே மாறாது. ரீட் எழுத்தில் மாறாது, ஒலி மட்டும் 'ரெட்' ஆகும்.

பயிற்சிக்கு, வேலை முடிந்து கிளம்பும்போது அன்று செய்த ஒரு காரியத்தை எடுத்து மூன்று விதமாக வாய்விட்டுச் சொல்லுங்கள்: தி பையர் கேம். தி பையர் டிட் நாட் கம். டிட் தி பையர் கம்? எழுதிப் பார்ப்பதைவிட இதுவே பலன் தரும், ஏனென்றால் உங்கள் தடுமாற்றம் பேச்சில்தான் இருக்கிறது. நாளை வேறு வினை, அதே மூன்று வாக்கியம்.