கிட் கார் சஸ்பென்ஷனை மாற்றலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: பிரிட்டனில் இருக்கிறேன். பழைய கிட் கார் (பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டும் கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். உயரத்தைக் குறைத்து, ஸ்பிரிங், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) மாற்றலாம் என்று இருக்கிறேன். சட்டப்படி யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? நடைமுறையில் என்ன பிரச்சினை வரும்?

பதில்:

லோட்டஸ் செவன் மாதிரி, முன் சக்கரங்களும் விஷ்போன்களும் (சக்கரத்தைச் சேஸியோடு, அதாவது காரின் எலும்புக்கூட்டோடு, இணைக்கும் கைகள்) வெளியே தெரிகிற வண்டி என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே நம் ஆட்கள் கிட் கார் என்றாலே பெரும்பாலும் அதுதான். என்னிடம் இருப்பதும் அந்த ரகம்தான், ஃபோர்டு சியராவின் பாகங்களை வைத்துக் கட்டியது. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இதே விஷயத்துக்காக ஒரு இன்சூரன்ஸ் தகராறில் சிக்கி முழுப் பணத்தையும் வாங்கியவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. வீட்டில் கட்டிய கார் முதன்முதலில் சாலைக்கு வர ஐ.வி.ஏ. என்ற அரசு ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். 2009க்கு முன் கட்டியது என்றால் அதற்கு முந்தைய எஸ்.வி.ஏ., அதற்கும் முன் என்றால் அதுவும் இல்லை. ஸ்டீயரிங்கை விட்டால் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா, பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்னால் லாக் ஆகிறதா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகள் 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள். விஷ்போன் போல்ட்டுகளில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டுவது இதற்காகத்தான்.

உங்கள் கார் இந்தக் கட்டத்தைத் தாண்டி, பதிவாகி, ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மவுண்டில் வேறு ஸ்பிரிங், வேறு டேம்பர் போடுவதற்கு யாரும் மறுபடி ஐ.வி.ஏ.வுக்கு வரச் சொல்ல மாட்டார்கள். சேஸியை வெட்டி ஒட்டுவது வேறு கதை. மாற்றாமல் விட்ட அசல் பாகங்களுக்குப் புள்ளி போட்டு, சேஸிக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2 என்று எண்ணி, 8 புள்ளிக்குக் குறைந்தால் பழைய பதிவு நம்பர் போய்விடும் என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது பழைய கணக்கு. வண்டிப் பதிவைக் கவனிக்கும் டி.வி.எல்.ஏ. 2025 ஆகஸ்டில் அந்த விதிகளைத் திருத்திவிட்டது. சேஸியில் கை வைப்பதாக இருந்தால் அரசுத் தளத்தில் இன்றைய விதியைப் படித்துவிட்டு, கேட்டுத் தொடங்குங்கள்.

அனுமதி தேவையில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. உண்மையில் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்தான் வந்து விழுகிறது. ஆபத்தான நிலையில் உள்ள வண்டியை ஓட்டுவது 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஏ பிரிவில் குற்றம். அப்படிப்பட்ட வண்டியை இன்னொருவருக்கு விற்பது 75ஆம் பிரிவில் குற்றம். "எம்.ஓ.டி. (வருடாந்திரத் தகுதிச் சோதனை) பாஸ் ஆகியிருக்கிறதே" என்பது பதில் ஆகாது. எம்.ஓ.டி.யில் ஆட்டம், விரிசல், துரு, ஒழுகல் பார்ப்பார்கள். வீல் அலைன்மென்ட் பார்க்க மாட்டார்கள், உங்கள் ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்றும் அளக்க மாட்டார்கள்.

இனி என் கார். எனக்கு முன் வைத்திருந்தவர் அதை 35 மி.மீ. இறக்கியிருந்தார். பார்க்க அம்சமாக இருந்தது. மேடுபள்ளமான கிராமத்துச் சாலையில் மட்டும் நான் திருப்பாமலே கார் தானாக ஒதுங்கியது. டயரைச் சொன்னார்கள், ரோட்டைச் சொன்னார்கள். எனக்கு சந்தேகம் தீரவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றினேன். சக்கரத்துக்குப் பதில் ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) ஒரு தட்டையான அலுமினியப் பலகையை போல்ட் செய்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு டயல் கேஜ் (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்து, ஜாக்கால் ஹப்பை 10 மி.மீ. 10 மி.மீ. ஆகத் தூக்கி எழுதிக்கொண்டே போனேன். இரண்டு முள்ளும் ஒரே அளவு நகர்ந்தால் சக்கரம் நேராக ஏறி இறங்குகிறது. என் காரில் பின் முள் நிற்க, முன் முள் ஓடியது. சக்கரம் மேலே போகப் போக வெளிப்பக்கம் திரும்புகிறது! இதைத்தான் பம்ப் ஸ்டியர் என்கிறார்கள்.

காரணம் எளிமையானது. விஷ்போன் ஒரு வட்டத்தில் ஆடுகிறது, ஸ்டீயரிங் ராக்கிலிருந்து (ஸ்டீயரிங் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் பல்சட்டம்) சக்கரத்துக்கு வரும் ராடு இன்னொரு வட்டத்தில் ஆடுகிறது. கிட் செய்தவர் இரண்டையும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குப் பொருத்தியிருப்பார். காரை இறக்கினால் அந்தப் பொருத்தம் கெட்டுப்போவதில்லை, நீங்கள் பொருந்தாத பகுதியில் போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். உயரத்தைப் பழையபடி ஏற்றி, ராக்குக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்ததும் கார் ரயில் மாதிரி நேராகப் போனது. கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்கிற கடையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, அவர்கள் கார் நிற்கும்போது மட்டும்தான் அளக்கிறார்கள்.

ஸ்பிரிங் வாங்கும்போது இன்னொன்று. அதில் எழுதியிருக்கும் எண் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேராது. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் டேம்பர் 6 மி.மீ. அமுங்குகிறது என்றால், 0.6ஐ 0.6ஆல் பெருக்க 0.36. 300 பவுண்டு ஸ்பிரிங் (ஒரு அங்குலம் அமுங்க 300 பவுண்டு எடை வேண்டும் என்று பொருள்) சக்கரத்தில் வெறும் 108 தான். இந்தக் கணக்கு தெரியாமல், நண்பர் காரில் நன்றாக இருந்தது என்று அதே எண்ணை வாங்கிப் போடுகிறார்கள். அவர் காரின் விஷ்போன் வேறு, டேம்பரின் சாய்வும் வேறு.

டேம்பரின் மேல் மவுண்டை எடுத்து வேறிடத்தில் வைப்பது, இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். என் காரில் முந்தையவர் அதையும் செய்திருந்தார். இந்த வண்டிகளின் சேஸி மெல்லிய 25 மி.மீ. சதுரக் குழாய். பாரம் குழாய்கள் சேரும் மூட்டில் விழும்படிதான் வடிவமைப்பு. அவர் பிராக்கெட்டைக் குழாயின் நடுவில் வெல்டு வைத்திருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தபோது வெல்டின் ஓரத்தில் பெயின்ட் முடி கனத்துக்கு வெடித்திருந்தது. ஸ்கேலை வைத்தால் குழாய் உள்வாங்கியது தெரிந்தது. நான் அதை வெட்டியெடுத்து, கிட் கம்பெனியின் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே, தொழில்முறை வெல்டர் ஒருவரைக் கொண்டு திருப்பி வைக்கச் சொன்னேன். பெயின்ட் அடிக்கும் முன் ஒவ்வொரு வெல்டையும் படம் எடுத்தேன். ரோஸ் ஜாயிண்டும் (ராடின் முனையில் வரும் உலோகப் பந்து மூட்டு) இதே கதைதான். நேராக இழுப்பையும் தள்ளலையும் அது தாங்கும், வளைப்பைத் தாங்காது. சாலை உப்பும் மழையும் பட்டால் சீக்கிரம் லூஸாகும். போட்டே ஆக வேண்டும் என்றால், பால் பிய்ந்தாலும் ராடு கழன்று விழாதபடி பெரிய வாஷர் வைத்துப் போடுங்கள்.

காரை இறக்கினால் ஹெட்லைட்டும் இறங்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. டிம் லைட் தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் குறையக் கூடாது. செவன் ரகத்தில் அது முதலிலேயே விளிம்பில்தான் இருக்கும். இந்த ஊர் வேகத்தடைகள் 100 மி.மீ. வரை இருக்கலாம். உங்கள் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இன்றே அளந்து பாருங்கள்.

சரி, இன்சூரன்ஸ். வேலை முடிந்ததும் என்ன மாற்றினேன், எதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன் என்று வரிவரியாக எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். "குறித்துக்கொண்டோம், பிரீமியத்தில் மாற்றமில்லை" என்று பதில் வந்தது. அப்புறம் ஒரு நாள் ரவுண்டானாவில் ஒருவர் நிற்காமல் வந்து என் முன் இடது சக்கரத்தில் இடித்தார். தவறு முழுக்க அவருடையது. ஆனால் அவர் தரப்பு மதிப்பீட்டாளர், காரை நேரில் பார்க்காமலே, "சஸ்பென்ஷன் தரமற்ற முறையில் மாற்றப்பட்டுள்ளது, ஒதுங்க முடியாமல் போனதற்கு அதுவும் காரணம்" என்று எழுதிவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் சண்டை போடவில்லை. ஸ்பிரிங் ரசீது, வெல்டு படங்கள், பம்ப் ஸ்டியர் அளவு முன்னும் பின்னும், அலைன்மென்ட் தாள், எம்.ஓ.டி., அந்த மின்னஞ்சலும் பதிலும் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அனுப்பினேன். எந்த அளவு, எந்த பாகம் தரமற்றது என்று எழுத்தில் கேட்டேன். பதிலே வரவில்லை. வாதத்தைக் கைவிட்டு முழுத் தொகையும் கொடுத்தார்கள்.

சொல்லாமல் மறைத்திருந்தால்? 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, காப்பீடு எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே தவறான பதில் தந்தால் கிளெய்மை முழுதாக மறுக்கலாம். கவனக்குறைவு என்றால் விகிதப்படி குறைப்பார்கள். 500 பவுண்டு பிரீமியம் வாங்க வேண்டிய இடத்தில் 400 வாங்கியிருந்தால் இழப்பில் 80 சதவீதம்தான் வரும். எதிராளிக்கு இன்சூரன்ஸ்காரர் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரவும் இடமுண்டு. நடுவில் மாற்றினாலும் பாலிசியில் தெரிவிக்கச் சொல்லியிருப்பார்கள், அதனால் புதுப்பிக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். நியாயமில்லாமல் மறுத்தால் நிதி ஆம்புட்ஸ்மேனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) போகலாம், கட்டணம் கிடையாது.

"நான் இருபது வருஷமா இறக்கித்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். நல்லது, சந்தோஷம். அவர்கள் அளந்து செய்திருக்கலாம். நான் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை, நானே மாற்றியவன்தான். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை, சில விதிவிலக்குகள் தவிர, மாற்ற விடுவதில்லை. அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து பயமுறுத்தாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே நம்மவர் வீட்டு விசேஷங்களில் என் நகத்தில் கிரீஸைப் பார்த்துவிட்டு, "இன்ஜினியரிங் படிச்சுட்டு மெக்கானிக் வேலை எதுக்குப்பா, லீஸ்ல ஒரு ஜெர்மன் கார் எடுக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நான் கோயம்புத்தூர்க்காரன். மில் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் பந்தயக் காரை எங்கள் ஊரிலேயே கட்டி, இளைஞர்களை ஓட்ட வைத்தார். 1995இல் அவர் இறந்த பிறகும் ஊர் அவரைக் கொண்டாடுகிறது, ரேஸ் டிராக்குக்கே அவர் பெயர். அவர் கையில் கிரீஸ் பட்டால் பெருமை, என் கையில் பட்டால் கேவலமா? விஷ்போனின் நீளத்தை அளக்கத் தெரிந்தவனைவிட, மாதத் தவணை கட்டத் தெரிந்தவனுக்கு மரியாதை அதிகம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் காரின் பின்பக்கம் லைவ் ஆக்ஸிலா (இரண்டு சக்கரமும் ஒரே அச்சில்), தனித்தனி சஸ்பென்ஷனா என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துப் பின் ஸ்பிரிங் பற்றிச் சொல்வது மாறும். பின்னூட்டத்தில் எழுதுங்கள், டேம்பர் மேல் மவுண்டைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். ஸ்பிரிங் ஆர்டர் செய்வதற்கு முன்னால் போடுங்கள்.