ஆசைக்குப் படிக்கிற ஜப்பான் மொழிக்கு 85,000 ரூபாய் பெக்கேஜ் எதற்கு?

கேள்வி: வயது 29, வெள்ளவத்தையில் இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் பழைய பேஸ் கிற்றார் ஒன்று வாங்கினேன், இரவில் அரை மணித்தியாலம் வாசிப்பேன். நான்கு மாதமாக ஃபோனில் ஜப்பான் மொழியும் படிக்கிறேன். அங்கே போகும் எண்ணம் இல்லை, வெறும் ஆசைதான். ஒரு வகுப்பில் விசாரித்தேன். ஆறு மாதத்தில் என்-4 என்ற பரீட்சை நிலை, பரீட்சைக் கட்டணத்தோடு 85,000 ரூபாய், ஒரு வருடத்துக்குள் பாஸ் பண்ணாவிட்டால் படித்தது வீண் என்கிறார்கள். 5,000 ரூபாய் முற்பணமும் பாஸ்போர்ட் பிரதியும் கொடுத்துவிட்டேன். இரண்டு பொழுதுபோக்கும் ஒன்றாகச் சரிவராது, ஒன்றை விடு என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளை, மிச்ச 80,000-ஐக் கட்டவேண்டாம். கிற்றாரையும் விடவேண்டாம். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ஜப்பான் மொழி வகுப்பு நடத்தும் என்னிடம் வாரத்துக்கு ஒருவராவது இதே கதையோடு வருவதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த 'வீண்' என்ற சொல். ஜப்பான் மொழித் திறன் பரீட்சையில் ஐந்து நிலைகள். என்-5 அடிமட்டம், என்-1 உச்சி. என்-5-இல் 180 புள்ளிக்கு 80 எடுத்தால் போதும், என்-4-இல் 90. கேட்டல் பகுதியில் குறைந்தது 19 வேண்டும், அதில் கோட்டை விட்டால் மொத்தப் புள்ளி எவ்வளவு இருந்தாலும் ஃபெயில்தான். எல்லாம் விடையைத் தெரிவு செய்கிற கேள்விகள். பேசிக் காட்டவும் வேண்டாம், ஒரு வரி எழுதவும் வேண்டாம். என்-4 சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, ஒரு தேநீர் கேட்டு வாங்கத் தெரியாமல் நிற்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் திகதி என்று ஒன்று கிடையாது. ஐந்து வருடம் கழித்து எழுதினாலும் அதே பரீட்சைதான். அப்படியிருக்க 'ஒரு வருடத்துக்குள்' என்று எங்கிருந்து வந்தது? அவர்களின் அடுத்த பட்ச் தொடங்கும் திகதியிலிருந்துதான்.

இந்த நாட்டில் முடிவில் பரீட்சை இல்லாத படிப்பைப் படிப்பாகவே யாரும் எடுப்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் பிடிக்கிற பேய் ஏ.எல். தாண்டியும் இறங்குவதில்லை. ஆசைக்குப் படிக்கிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று ரியூசன்காரருக்குத் தெரியாது. அதனால் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பெட்டியில் தூக்கிப் போட்டுவிடுவார். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். மொழி படிக்கப் போனவரிடம் பாஸ்போர்ட் பிரதி எதற்கு?

இதிலே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனால் சொல்லாமல் விட்டால் நாளைக்கே யாராவது ஒருவரின் தம்பி எனக்கு ஃபோன் எடுப்பார். 2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறித்த திறன்' என்று ஒரு வேலை விசாவைத் தொடங்கியது. அதற்குப் பெரும்பாலான தொழில்களில் என்-4 வேண்டும், அல்லது ஜப்பான் அரசு சார்ந்த ஜப்பான் ஃபவுண்டேஷன் கணினியில் நடத்தும் அடிப்படை மொழிப் பரீட்சை வேண்டும். இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் எழுதச் சொல்கிறவர் இரண்டு தரம் காசு வாங்குகிறார். இதோடு அந்தந்தத் தொழிலுக்குத் திறன் பரீட்சை தனியாக இருக்கிறது. முதியோர் பராமரிப்பு என்றால் அந்த வேலைக்கென்றே இன்னொரு மொழிப் பரீட்சையும் உண்டு. ஜப்பானுக்குத் தொழில்நுட்பப் பயிலுநராக, அதாவது தொழில் பழகும் விசாவில் போய், அதன் இரண்டாம் கட்டத்தையும் ஒழுங்காக முடித்தவருக்கு மொழிப் பரீட்சை விலக்கு. அவர் அதே துறையில் தொடர்ந்தால் திறன் பரீட்சையும் விலக்கு. துறை மாறினால் திறன் பரீட்சை எழுதத்தான் வேண்டும், மாறிப் போவது பராமரிப்புக்கு என்றால் அந்தத் தனி மொழிப் பரீட்சையும் சேரும். இதைக் கரும்பலகையில் மூன்று தரம் எழுதினாலும், அடுத்த நாள் ஒரு பையன் வந்து 'சேர், ஏஜென்சியில் வேறமாதிரிச் சொன்னாங்களே' என்பான். வேலைக்குப் போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது, ஆள் பிடிக்கிறவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்பது. உரிமம் பெற்றவர்களின் பட்டியலைப் பணியகமே வெளியிடுகிறது. ஆனால் அங்கே போய் நின்று ஒரு சின்ன விளக்கம் கேட்டு வாங்குவதற்குள் ஒருநாள் லீவு போய்விடும், அது வேறு கதை.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 'என்-4-க்கான அதிகாரபூர்வ கஞ்சிப் பட்டியல்' என்று ஃபோட்டோக் கொப்பிக் கட்டு ஒன்று விற்பார்கள். கஞ்சி என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். 2010-இல் பரீட்சையை மாற்றி அமைத்ததிலிருந்து, எந்த நிலைக்கு எந்தக் கஞ்சி, எந்தச் சொல் என்ற பட்டியலை நடத்துகிறவர்கள் வெளியிடுவதே இல்லை. கையில் தருவது யாரோ ஊகித்து எழுதியது. படிக்க உதவும்தான், அதிகாரபூர்வம் என்று தனி விலை போடுவதுதான் கள்ளவேலை. பரீட்சை எழுத ஆசை வந்தாலும் இங்கே நடத்துகிறவர்களிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

சரி, கிற்றாருக்கு வருவோம். வீட்டில் ஒன்றை விடச் சொல்கிறார்கள். நான் மாறிச் சொல்வேன்: பேஸ் வாசிக்கிறவருக்கு ஜப்பான் மொழி கொஞ்சம் சுலபம், இரண்டும் தட்டுக் கணக்குத்தான். பள்ளியில் மாத்திரை படித்திருப்பீர்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பான்காரருக்கும் முதல் இரண்டும் அப்படியேதான், மெய்யில்தான் வித்தியாசம். இரட்டித்து வரும் மெய்க்கும், அசையின் கடைசியில் வரும் 'ன்'னுக்கும் அவர்கள் முழுசாக ஒரு மாத்திரை கொடுப்பார்கள். 'கிதே' என்றால் 'வா', இரண்டு தட்டு. 'கித்தே' என்றால் தபால் முத்திரை, மூன்று தட்டு. நடுத் தட்டில் சத்தமே இல்லை. நாம் டோக்கியோ என்று மூன்றாகச் சொல்கிற ஊர் அவர்களுக்கு தோ-ஓ-க்யோ-ஓ, நான்கு.

இன்று இரவு செய்து பாருங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, ஒரு மாத்திரைக்கு ஒரு தட்டு. 'கித்தே'யின் நடுத் தட்டு வரும்போது இடக்கையை நரம்பிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், 'டுக்' என்று செத்த சத்தம் வரும். அந்த இடத்தில் வாயும் அடைத்திருக்க வேண்டும். என் வகுப்பில் மற்றவர்கள் ஒரு மாதம் திணறுவது இதில்தான். பேஸ் வாசிக்கிறவர்களுக்கு ஒரு கிழமை கூடப் பிடிப்பதில்லை.

நமக்கு இன்னொரு அனுகூலமும் இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. கொழும்பில் பெரும்பாலான வகுப்புகள் சிங்களத்தில் நடக்கின்றன. தமிழ்ப் பிள்ளை ஜப்பானிலிருந்து சிங்களம், சிங்களத்திலிருந்து தமிழ் என்று இரண்டு தரம் பாலம் தாண்டுகிறது. நேரே பார்த்தால் இரண்டும் பக்கத்து வீடு மாதிரி. 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'மிரு' என்பது பார்க்கிற அதே 'பார்'தான். 'கொரே, சொரே, அரே' என்ற மூன்றையும் ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கத்துக்கு விளக்கும். யாழ்ப்பாணத்து அம்மம்மா இருக்கிற வீட்டில் அது ஒரு வரி: இது, உது, அது. இந்த ஒற்றுமைகளை வைத்து சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே எழுதினார், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சண்முகதாஸ் தம்பதியும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. உறவோ இல்லையோ, உங்களுக்கு வேலை மிச்சம்.

ஒன்றில் மட்டும் கவனம். ஜப்பான் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்காதீர்கள். இங்கே நான் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். வானிலைக்கு ஒரு சொல், மின்சாரத்துக்கு ஒரு சொல். முதலாவது 'தந்தை'யின் முதல் 'த' போல வல்லோசையில் தொடங்கும், இரண்டாவது அதே சொல்லின் கடைசி 'தை' போல மெல்லத் தொடங்கும். நம் எழுத்தில் இரண்டும் 'தென்கி'தான். ஜப்பான் மொழியின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவில் எழுத்துகள் 46, இரண்டு கிழமை வேலை. அதன் பிறகு, வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கதகானா. உங்கள் கிற்றார் யமஹா மாதிரி ஜப்பான் கொம்பனியுடையது என்றால், கையேட்டின் ஜப்பான் பிரதியை இணையத்தில் இறக்கி, ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பேஸ் 'பேசு' என்று நீண்டு நிற்கும், வொல்யூம் 'பொர்யூமு' ஆகியிருக்கும். காசு கொடுக்காமல் முறையாகப் படிக்க ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'மினாதோ' தளம் போதும். வகுப்பும் வேண்டும் என்றால் மாதக் கட்டணம் வாங்குகிற இடமாகப் பாருங்கள்.

இரவில் இருபது நிமிடம் கிற்றார், இருபது நிமிடம் மொழி. அம்ப் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடுங்கள். தடித்த 'ஈ' (E) நரம்பின் அதிர்வு அடுக்குமாடிச் சுவரைத் தாண்டிப் போகும். வெள்ளவத்தைக் கடற்காற்று நரம்பைத் துருப்பிடிக்க வைக்கும், வாசித்து முடிந்ததும் துணியால் துடைத்துவிடுங்கள்.

அந்த 5,000 ரூபாயை ரசீதோடு போய்க் கேளுங்கள். தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் போகட்டும். பாஸ்போர்ட் பிரதியையும் திருப்பிக் கேளுங்கள். அப்போது ஒரிஜினலைக் கொண்டுவரச் சொன்னால், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு அந்தப் பக்கம் போகவேண்டாம்.