இன்ஜினை மாற்றியாச்சு, கியர்பாக்ஸ்?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். பழைய ஸ்போர்ட்ஸ் கார், யாரோ எப்போதோ கைவைத்தது, இப்போது விலைக்கு வருகிறது. வாங்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம், கியர் பெட்டி தாங்குமா?

1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று பார்த்தேன். 3.5 லிட்டர் ரோவர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) போட்டிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் மட்டும் பழைய எம்ஜிபி பெட்டியேதான். "கம்பெனியே இப்படித்தான் செய்தது" என்கிறார் விற்பவர். உண்மையா?

பாதி உண்மை. கம்பெனி 1973 முதல் 1976 வரை வி8 போட்டு 2,591 கார்கள் செய்தது. அத்தனையும் கூரை உள்ள ஜிடி. திறந்த காரில் வி8 வேண்டுமென்றவர்கள் 1993இல் ஆர்வி8 என்ற திறந்த கார் உற்பத்திக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே நீங்கள் பார்த்தது தனியார் கைவேலை. அதற்காக மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கம்பெனிக்கு முன்பே கென் காஸ்டெல்லோ இங்கிலாந்தில் எம்ஜிபிக்கு வி8 போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அவர் பட்டறையில் ஆனது என்று காகிதம் இருந்தால் அந்தக் காருக்குத் தனி மவுசு. யார் செய்தது என்றே தெரியாவிட்டால், வெல்டிங்கைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருவோம். சாதாரண 1.8 லிட்டர் இன்ஜின் தரும் முறுக்குவிசை (சுழற்றும் பலம்) ஏறக்குறைய 150 நியூட்டன் மீட்டர். ஜிடி வி8 கொடுத்தது சுமார் 260. கம்பெனி அதே நாலு கியர் பெட்டியைக் கொஞ்சம் திருத்தித்தான் வைத்தது. அதற்கே பயம் வந்து, மூன்றாம் கியரில் இருந்த ஓவர்டிரைவை (இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரை) எடுத்துவிட்டு நான்காவதில் மட்டும் விட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: பின் ஆக்சில் விகிதத்தை (சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற, பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று வரவேண்டும் என்பதை) 3.9இலிருந்து 3.07க்கு இறக்கினார்கள். தனியாகச் செய்பவர்கள் இதைத்தான் அதிகம் மறப்பார்கள்.

நீங்களே பார்த்துவிடலாம். முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். அந்தத் தண்டில், அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட்டில், சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள் (மற்றது தரையில் நிற்பதால் இரண்டு சுற்று ஒன்றுக்குச் சமம்). கோடு ஏறக்குறைய நாலு சுற்று வந்தால் பழைய ஆக்சில். மூன்றுக்குச் சற்று மேலே நின்றால், செய்தவர் யோசித்துச் செய்திருக்கிறார்.

பழைய ஆக்சில், பழைய பெட்டி இரண்டும் அப்படியே இருந்தால் நான் விட்டுவிட மாட்டேன். ஆனால் அதே இன்ஜினுக்கென்று ரோவர் எஸ்டி1இல் வந்த அஞ்சு கியர் பெட்டி, கிளட்ச், டனலில் (பெட்டியை மூடும் தரை மேட்டில்) தகர வேலை, கூலி எல்லாவற்றையும் கூட்டி, கேட்ட விலையில் கழித்துவிட்டுத்தான் பேசுவேன்.

எம்ஜிபி பெட்டிக்கு நல்ல விலையுயர்ந்த கியர் ஆயில் ஊற்றலாமா?

வேண்டாம். அதற்கு 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில்தான். ஓவர்டிரைவும் அதே எண்ணெயில் ஓடுகிறது. வழுக்கலைக் கூட்டும் மருந்து எதையாவது கலந்தால் ஓவர்டிரைவின் கோன் கிளட்ச் (கூம்பு வடிவ கிளட்ச்) பிடிக்காமல் நழுவும். அப்புறம் "ஓவர்டிரைவ் போச்சு" என்று பெட்டியை இறக்குவீர்கள்.

1966 ஜாகுவார் இ-டைப் 4.2 வைத்திருக்கிறேன். அஞ்சு கியர் பெட்டி போட ஆசை. மதிப்பு குறையுமா?

முதலில் ஒரு கேள்வி: எதற்கு? 3.8 லிட்டர் காரில் இருந்த மாஸ் பெட்டிக்கு முதல் கியரில் சின்க்ரோ (கியர்களை உரசாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது, மாற்றவும் பொறுமை வேண்டும். அதை மாற்றியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் 4.2இல் எல்லா முன் கியர்களுக்கும் சின்க்ரோ உண்டு, பெட்டியும் நல்ல பெட்டி. நெடுஞ்சாலையில் இன்ஜின் அதிகமாகச் சுற்றுகிறது என்பதுதான் குறை என்றால், போடுங்கள்.

ஆனால் உங்கள் பெட்டியின் எண் காரின் தகட்டில் இருக்கிறது. ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் சான்றிதழிலும் வரும். வாங்க வருபவர் டார்ச் அடித்து அந்த எண்ணைத்தான் தேடுவார். கழற்றிய பெட்டியில் எண்ணெய் விட்டு, வாய்களை அடைத்து, மரப்பெட்டியில் வைத்து, காரை விற்கும்போது கூடவே கொடுத்தால் பெரிய அடி விழாது. உடம்பில் எங்கும் வெட்டாமல் பொருந்தும் கிட்டாகத் தேர்ந்தெடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இடத்தை அடைக்கிறதென்று பழைய பெட்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். நாலு வருஷம் கழித்து கார் விற்க வந்தபோது அதைத் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. பெட்டி விற்ற காசைப்போலப் பல மடங்கு கார் விலையில் போயிற்று. இன்சூரன்ஸையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எழுதிக்கொள்ளுங்கள், மாற்றத்தையும் சொல்லிவிட்டு.

1980 போர்ஷ 911 எஸ்சி. இரண்டாம் கியரில் கரகரவென்று உரசுகிறது. "915 பெட்டி என்றால் அப்படித்தான்" என்கிறார்கள்.

"அப்படித்தான்" என்பதில் நிறைய பணம் ஒளிந்திருக்கும், கவனம். 915 பெட்டி 1972 மாடலில் வந்தது, 1986 வரை ஓடியது. குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடிப்பது அதன் சுபாவம். எண்ணெய் சூடான பிறகும், நிதானமாகத் தள்ளியும் உரசினால், சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். ஆனாலும் உடனே பெட்டியைப் பிரிக்காதீர்கள். கிளட்ச் கேபிளைச் சரிபாருங்கள். இரண்டு சீட்டுகளுக்கும் பின்னால், சின்ன மூடிக்கு அடியில், கியர் தண்டை இணைக்கும் கப்ளர் இருக்கிறது. அதன் புஷ் நொறுங்கிப்போய் இதே நோயைக் காட்டும். மலிவான சாமான்.

1987 மாடலில் வந்த ஜி50 பெட்டியை மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். வலுவானது, மாற்றவும் சுகம். ஆனால் நீளம் கூட. பழைய உடம்பில் டார்ஷன் பார் குழாயை (பின் சஸ்பென்ஷனின் குறுக்குக் குழாயை) வெட்டித்தான் உட்கார வைக்க முடியும். வெட்டியதைத் திருப்பி வைக்க முடியாது. அசல் இன்ஜினோடு இருக்கும் எஸ்சியில் நான் செய்ய மாட்டேன்.

டாட்சன் 240இசட்டில் டர்போ இன்ஜின், 350 குதிரைத்திறன் என்கிறார். பழைய பெட்டி தாங்குமா?

குதிரைத்திறனைக் கேட்காதீர்கள், முறுக்குவிசையைக் கேளுங்கள், எத்தனை ஆர்பிஎம்மில் என்றும் கேளுங்கள். கீழேயே குபீரென்று ஏறும் டர்போதான் பல்லை உடைக்கும். ஒட்டும் டயரும், கிளட்ச்சைப் படாரென்று விடும் காலும் சேர்ந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. பின்னால் ஆர்180 டிஃபரன்ஷியல் அப்படியே இருக்கிறதா, அதைவிட வலுவான ஆர்200க்கு மாற்றியிருக்கிறார்களா என்றும் குனிந்து பாருங்கள்.

1967 கார்வெட்டில் மன்சி எம்22 பெட்டி இருக்கிறதாம், அதற்காகவே கூடுதல் விலை. ஆனால் ஓட்டும்போது சத்தமே இல்லை. இவ்வளவு நல்ல நிலையிலா?

சத்தம் இல்லாததுதான் எனக்கு இடிக்கிறது. எம்22இன் பற்கள் மற்ற மன்சிகளைவிடக் குறைந்த சாய்வில் வெட்டியவை. சாய்வு குறைந்தால் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளும் விசை குறைகிறது, பெட்டி அதிகம் தாங்குகிறது. பதிலுக்கு ஊளையிடும். அமெரிக்காவில் அதைக் கல்லுடைப்பான் என்றே செல்லமாகக் கூப்பிடுவார்கள். பக்க மூடியில் ஏழு போல்ட்தான். எண்ணெயை வடித்துவிட்டு அதைக் கழற்றிப் பல்லின் சாய்வைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சாதாரண மன்சியின் விலையைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.