பழைய கணினிக்குச் செயலியை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: 2018-இல் வாங்கிய என் மேசைக் கணினியில் ரைசன் 5 1600 செயலி, பி450 மதர்போர்டு, டிடிஆர்4 நினைவகம் ஆகியவை உள்ளன. எல்லாவற்றையும் மாற்றி, ஏஎம்டி நிறுவனத்தின் புதிய செயலிப் பொருத்துமுறையான (சாக்கெட்) ஏஎம்5-க்குச் செல்லலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஏஎம்5-இல் டிடிஆர்4 பொருந்தாது என்பதால், செயலி, மதர்போர்டு, நினைவகம் மூன்றையும் புதிதாக வாங்க நேரும். ஆனால் உங்கள் மதர்போர்டிலேயே, தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலைச் சரிபார்த்து, பழைய செயலியைக் கழற்றும் முன்பே மறவாமல் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துக்கொண்டால், ரைசன் 5 5600-ஐப் பொருத்தி இன்னும் சில ஆண்டுகள் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் செயலிகளின் பட்டியலில் 1600 இல்லை, 5600 உண்டு. இயங்குதளம் இன்னும் ஹார்டு டிஸ்கில் இருந்தால், முதல் செலவை அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கே செய்யுங்கள். மதர்போர்டே பழுதானால் ஏஎம்5-ஐ யோசிக்கலாம்.