மேளம் அடித்த கூலி, பாட்டில் விட்டுப்போன பெயர்: சுங்கை சிப்புட் வாசகர்களின் சட்டக் கேள்விகள்

திருவிழாவும் கல்யாணமும் ஓய்ந்த பிறகுதான் பணத் தகராறுகள் வெளியே வருகின்றன. இந்த முறை எல்லாக் கேள்வியும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. ஊர் சின்னது என்பதால் யார் பெயரையும் போடவில்லை.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்த உறுமி மேளக் குழு. ஒரு கல்யாணத்துக்கு 2,400 வெள்ளி (ரிங்கிட்) பேசி, 600 முன்பணம் வாங்கினோம். மீதியைக் கேட்டால் ‘மாமா தருவார், அண்ணன் தருவார்’ என்று இழுத்தடிக்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. என்ன செய்வது?

எழுத்தில் இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், தம்பி. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாயால் பேசி முடித்ததும் செல்லும், அதை நிரூபிக்க வேண்டியதுதான் உங்கள் பாடு. அதற்கு உங்களிடம் நிறையவே இருக்கும்: ‘சரி ப்ரோ, 2,400, ஆறு மணிக்கு வந்துடுங்க’ என்கிற வாட்ஸ்அப் செய்தி, 600 வெள்ளி வங்கியில் ஏறிய பதிவு, மாப்பிள்ளை அழைப்பில் நீங்கள் வாசித்ததை யாரோ எடுத்த வீடியோ. எதையும் அழிக்காதீர்கள், போன் மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள்.

முதலில் 14 நாள் தவணை கொடுத்து ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பதில் இல்லையா, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 ரிங்கிட் வரைக்கும் அங்கே கேட்கலாம், 198ஆம் எண் படிவத்தை நிரப்பினால் போதும், வக்கீல் வேண்டியதில்லை. வழக்கை மாப்பிள்ளையின் மாமா மேல் போடாதீர்கள், உங்களிடம் பேசி முடித்தவர் யாரோ அவர் மேல் போடுங்கள். பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஆறு வருடம் வரைக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது என்றாலும் அவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள், சாட்சிகள் வேலை தேடிச் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் போய்விடுவார்கள். கலைஞன் கூலி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள், எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது. மணிக்கணக்கில் வளைகுச்சியால் உறுமியை இழுத்துத் தேய்த்த கை மறுநாள் என்ன வலி வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியுமா?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். உள்ளூர் ஆல்பத்துக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தேன், 300 வெள்ளி தந்தார்கள். இப்போது யூடியூப்பில் வந்திருக்கிறது, பாடலாசிரியர் என்று இசையமைப்பாளர் பெயர்தான் இருக்கிறது.

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இதில் உரிமை இரண்டு இருக்கிறது, தனித்தனியாகப் பாருங்கள்.

பணம் சம்பந்தப்பட்டது பதிப்புரிமை. அவர்கள் மெட்டைக் கொடுத்து ‘இதற்கு எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டு நீங்கள் எழுதியிருந்தால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை அந்த உரிமை எழுதச் சொன்னவருக்குப் போய்விடும். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருந்த பாட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றால் கதையே வேறு: எழுத்து மூலமாக மாற்றிக் கொடுக்காதவரை உரிமை உங்களுடையதுதான். ஆகவே மெட்டு முதலில் வந்ததா, பாட்டு முதலில் வந்ததா என்பதை நினைவுபடுத்தி எழுதி வையுங்கள்.

பெயர் விஷயம் 25ஆம் பிரிவில் வருகிறது. பணம் வாங்கியிருந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் பெயரை விட்டுவிடவோ இன்னொருவர் பெயரைப் போடவோ முடியாது. அடித்துத் திருத்தி எழுதிய நோட்டுப் பக்கம்தான் இங்கே பெரிய சாட்சி, சுத்தமாகத் திரும்ப எழுதிய பிரதியைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதைப் படமெடுத்து, வரிகளை நீங்கள் அனுப்பிய குரல் செய்தியையும் சேர்த்து, பெயரைத் திருத்தச் சொல்லிக் கடிதம் அனுப்புங்கள். அடுத்த பாட்டை வெளியே கொடுக்கும் முன் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் அது உங்கள் பாட்டு என்று அறிவிப்புச் செய்யுங்கள். கட்டாயம் இல்லை, பதிவு செய்யாமலே உரிமை உண்டு, ஆனால் 2012 முதல் நடப்பில் இருக்கும் இந்த ஏற்பாடு நீதிமன்றத்தில் கைகொடுக்கும்.

கோவில் திருவிழா மேடையில் சினிமா பாட்டுப் பாட உரிமம் வேண்டுமா? டிக்கெட் கிடையாது.

டிக்கெட் இல்லை என்பது மட்டும் போதாது, ஐயா. இலாப நோக்கமில்லாத அமைப்பு, அறப்பணிக்கோ கல்விக்கோ, நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் நடத்தினால் சட்டம் விலக்கு தருகிறது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். வெறும் கலைநிகழ்ச்சி அறப்பணியில் சேருமா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் தரும் அமைப்பான எம்ஏசிபியிடம் முன்கூட்டியே உரிமம் கேட்டுவிடுவது நல்லது. பாடகர் பாட, பின்னால் பதிவு செய்த இசை ஓடுகிறதென்றால் ஒலிப்பதிவு உரிமைக்காக, இசைத்தட்டு நிறுவனங்கள் சார்பில் உரிமம் தரும் பிபிஎம்மிடமும் பேச வேண்டும். பேஸ்புக்கில் நேரலை போடுவது தனி விவகாரம், மேடை உரிமம் அதற்குச் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். தேவாரத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், ஆனால் இன்னொருவர் பாடிப் பதிவு செய்த தேவாரத்தை ஒலிபெருக்கியில் போட்டால் அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. மண்டபத்துக்கும் மேடைக்கும் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேறு, அதை மறக்காதீர்கள்.

மகனுக்கு 16 வயது. கால்பந்து அகாடமியில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். இப்போது வேறு கிளப்புக்குப் போக 10,000 வெள்ளி கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள், அம்மா. நம் நாட்டில் 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஃபிஃபா விதியும் 18 வயதுக்குக் கீழ் உள்ள ஆட்டக்காரருக்கு மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தத்தை அனுமதிப்பதில்லை. பயிற்சி இழப்பீடு என்று ஒன்று உண்டு, ஆனால் அது கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையிலான கணக்கு, பெற்றோர் தலையில் கட்டக்கூடாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நீங்களும் உத்தரவாதமாக எங்காவது கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாளோடு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

எங்கள் கபடிக் கழகத்தை எங்கே பதிவு செய்வது? சங்கப் பதிவகத்திலா?

விளையாட்டு ஆணையரிடம். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதிவு இல்லாமல் கழகம் நடத்துவது அந்தச் சட்டப்படி தவறு. சட்டவிதிகளை எழுதும்போது, உறுப்பினர்களுக்குள் தகராறு வந்தால் யார் விசாரிப்பது, எத்தனை நாளில் முடிப்பது என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பில் இரண்டு பேராவது கையெழுத்துப் போடட்டும், வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரிலேயே இருக்கட்டும்.